ரப்பர் மரத்தில் சுவரோர மேசை

1877இல் கோலாகங்சாரில் கன்றுகளாக நடப்பட்டுப் பின்னர் பேராக் தோட்டங்களெங்கும் பரவிய ரப்பர் மரம், ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்து வெட்டப்படும்போது அறைகலனுக்குரிய வெளிர்நிறப் பலகையாகிறது. மாவுச்சத்து மிகுந்த இம்மரத்தைத் துளைவண்டும், நீலம்பாய்தல் எனப்படும் பூஞ்சைக் கறையும் விரைவில் பற்றுவதால், போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்திய பலகையையே கேட்டு வாங்க வேண்டும். விலை மலிவென்று பச்சைப் பலகையை வாங்குவது வீண்செலவு. ஈப்போவின் ஒடுங்கிய வரிசை வீடுகளில், நடைவழிச் சுவரை ஒட்டி நிற்கும் மேசைக்கு 30 செ.மீ. அகலமும் 80 செ.மீ. உயரமும் போதும். ஈரக்காற்றில் பலகை குறுக்குவாட்டில் விரிந்து சுருங்குமாதலால், மேற்பலகையைச் சட்டத்தோடு பசையிட்டு ஒட்டாமல், திருகாணி சற்றே நகர இடந்தரும் நீள்துளை வழியே பிணைப்பதும், அடிப்புறத்துக்கும் வார்னிஷ் பூசுவதும் முறை. மழைச்சாரல் படும் வெளித்தாழ்வாரத்துக்கு இம்மரம் ஏற்றதன்று.