தட்டணு குறைந்தால் டெங்குதானா?

அன்புள்ள தம்பிக்கு,

சென்னையில் கட்டட வேலைக்குப் போன உன் மாமன் மகன் காய்ச்சலோடு கொல்லிமலை திரும்பினான், தட்டணு 60,000 என்றதும் டெங்கு என்று வீட்டில் முடிவுகட்டிப் பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். லேப் டெக்னீசியன் படிக்கிற நீயும் 'இனி வேறென்ன பார்க்கணும் ஐயா?' என்று கேட்கலாமா? ஸ்லைடு பார்க்கணும்!

மலேரியாவிலும் தட்டணு குறையும். ஃபால்சிபாரம் வகையில் மட்டுமல்ல, சாது என்று பெயர் வாங்கிய வைவாக்ஸ் வகையிலும் குறையும். சென்னையில் தொற்றுவது பெரும்பாலும் இந்த வைவாக்ஸ்தான். வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைத் தன்னிடமே தேக்கிக்கொள்கிறது. எதிர்ப்புரதம் ஒட்டிய தட்டணுக்கள் சீக்கிரம் அழிகின்றன. இவ்வளவு இறங்கியும் ரத்தக்கசிவு அரிது. சரியான மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் எண்ணிக்கை ஏறிவிடும்.

மலேரியா தரும் சோகைக்கு வருவோம். ஒட்டுண்ணி வெடித்து வெளியேறும் சிவப்பணு மட்டுமா அழிகிறது? ஒட்டுண்ணி புகாத அணுக்களும் கூட்டமாக அழிகின்றன; எலும்பு மஜ்ஜையும் சோர்ந்துபோகிறது. வைவாக்ஸ் இளம் சிவப்பணுக்களையே தேடிப் புகுவதால் ஸ்லைடில் ஒட்டுண்ணி கொஞ்சமாகத்தான் தெரியும். அதைப் பார்த்து நோய் லேசு என்று எண்ணாதே. வெள்ளணு இயல்பாகவோ குறைந்தோ இருக்கும். அதை வைத்து டெங்குவைப் பிரிக்க முடியாது.

ஸ்லைடில் எனக்கு எப்போதும் பிடித்தது கரும்பொடி. ஹீமோகுளோபினைத் தின்ற ஒட்டுண்ணி விட்டுச்செல்லும் கழிவு, ஹீமோசோயின் என்பார்கள். ஒட்டுண்ணி இருப்பதே தெரியாத 1847-இல் ஜெர்மன் மருத்துவர் மெக்கல் அதைப் பார்த்துவிட்டார். 1880-இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைனில் அந்தக் கருமையைத் துருவிப் பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லவெரான் கண்ணில்தான் ஒட்டுண்ணி பட்டது. கொசுவில் மலேரியாவைக் கண்டறிந்த ராஸின் நினைவுக்குறிப்புகளை நான் திரும்பத் திரும்பப் படிப்பதும் இதற்காகவே. 1897-இல் நம் நீலகிரியின் சீகூர்ச் சரிவில் அவருக்கே மலேரியா கண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் தென்பட்டது மலேரியாதான் என்று அவருக்கு அடையாளம் காட்டியதும் இந்தக் கரும்பொடியே. வெள்ளணு விழுங்கிய கரும்பொடியை ஸ்லைடில் தேடாமல் எழுந்துபோகிற மாணவர்களைக் கண்டால் எனக்கு ஆறாது. ஒட்டுண்ணி மறைந்த பிறகும் அது சில நாள் நிற்கும், தம்பி.

இனியும் தாமதிக்காதே. மாத்திரை தருமுன் ரத்தம் எடுக்கச் சொல். தடித்த தடவலில் குறைந்தது 100 புலம் பார்க்காமல் 'இல்லை' என்று எழுதாதே. முதல் ஸ்லைடில் கிடைக்காவிட்டால் மறுபடியும் எடு. வைவாக்ஸ் என்று தெரிந்தால் 14 நாள் பிரைமாகுயின் தருவார்கள். அதற்கு முன் ஜி6பிடி நொதிக் குறைபாடு உண்டா என்று பார்த்தாக வேண்டும். குறைபாடு உள்ளவருக்கு அந்த மாத்திரையே சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கருத்துப் போகும்.

முடிவு வந்ததும் எழுது. வெள்ளணுவில் கரும்பொடி இருந்ததா என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்