சிவந்த சிறுநீரும் சிறு காய்ச்சலும்

 

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து திரும்புகிறவர்கள் நம் கோலசிலாங்கூரிலும், பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் இன்னும் சொல்லிவரும் பெஸ்தாரி ஜெயாவிலும், சுற்றுத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களிற் சிலர் சிகிச்சையை நடுவில் விட்டுவிடுவதற்குப் பயமே காரணம். ஆனால் பயப்படவேண்டியது ஒன்றிருக்க, மற்றொன்றைக் கண்டல்லவா நாம் பயப்படுகிறோம்!

மார்பகப் புற்றுநோய் முதலியவற்றுக்கு டாக்ஸோரூபிசின் என்றொரு மருந்து ஏற்றுவார்கள். நம் ரோஜா சர்பத்தைப் போன்ற செந்நிறம் அதற்கு. ஏற்றிய பின் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும். உடனே வீட்டில் அழுகுரல். “ரத்தமாய்ப் போகிறது, இனி வேண்டாம்” என்று பெரியவர்கள் தடுத்துவிடுவார்கள். அது ரத்தமன்று, துணி நனைந்தால் சாயம் இறங்குவதுபோல் மருந்தின் நிறமே இறங்குகிறது. இரண்டு நாளுக்கு மேலும் சிவப்பு நீடித்தாலோ, வலியோ கட்டியோ கண்டாலோதான் டாக்டரிடம் போகவேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார்கள். ரமலானாயிற்றே என்று தயங்கவேண்டாம். நோயாளிக்குரிய சலுகை அல்பகரா 185ஆம் வசனத்திலேயே இருக்கிறது. கழாவைப் பற்றி ஆலிமிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

குடல் புற்றுநோய்க்கான ஆக்ஸாலிபிளாட்டின் வேறு விதம். அதை ஏற்றியவர் ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பதுபோலவும், குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரல்களில் ஊசி குத்துவது போலவும் இருக்கும். பெரும்பாலும் சில நாளில் தணியும். அதுவரை வெந்நீரும் சுடுசோறும் நல்லது. எனினும் மருந்து ஏறும்பொழுதே மூச்சு முட்டினால் தாதியிடம் அக்கணமே சொல்லவேண்டும்.

முடி உதிர்வதேன்? புற்றுநோய் அணுக்கள் விரைந்து பெருகுபவை. அப்படிப் பெருகுவனவற்றையெல்லாம் இம்மருந்துகள் தாக்கும். மயிர்க்காலும் வாயின் உட்தோலும் அதிலகப்படும். முடி பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

எலும்பு மஜ்ஜையும் அவ்வாறே அகப்படும் என்பதுதான் விஷயம். அங்கே உண்டாகும் வெள்ளை அணுக்கள், மருந்தேற்றிய 7 முதல் 14 நாளுக்குள் மிகவும் குறைந்துபோகும். அச்சமயம் கிருமி புகுந்தால் எதிர்க்க ஆளில்லை. வெளியே தெரிவதெல்லாம் ஒரு சிறு காய்ச்சல். உள்ளேயோ சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். சிவந்த நீருக்கு நடுங்கியவர்கள், இதற்கு இரண்டு பனடோலும் ஓதிய தண்ணீரும் கொடுத்துப் படுக்கவைக்கிறார்கள்! துஆ வேண்டியதே, ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியிலும் ஓதலாம். 38 டிகிரியைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் கண்டாலோ, நடுநிசியானாலும் புறப்படவேண்டும். கோலாலம்பூர்த் தவணை வரை காத்திராமல் அருகிலுள்ள தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய், “கீமோ ஏற்றியவர், இன்ன தேதியில்” என்று முதலிலேயே சொல்லி, சிகிச்சை அட்டையைக் காட்டவேண்டும்.

பனடோல் சூட்டை இறக்கி ஆபத்தை மறைத்துவிடும். தோட்டத்தார் அதை வாங்க வருவது நம் கடைகளுக்குத்தானே. எடுத்துக் கொடுக்குமுன், “வீட்டில் யாருக்காவது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறார்களா? காய்ச்சல் அவருக்கா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமென்றால் பனடோலைக் கொடுக்காமல் வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.