உயர்மாடிக் கட்டடத் திட்டங்கள்: குடியிருப்போர் அறிய வேண்டியவை

கடை, அலுவலகம், விடுதி, குடியிருப்பு ஆகியவை ஒரே வளாகத்தில் அமைவது கலப்புப் பயன்பாட்டுக் கட்டடம் எனப்படும். சாலையோர வெற்று நிலங்களில் இத்தகைய திட்டங்கள் முன்மொழியப்படும்போது, அக்கம்பக்கத்தார் கவனிக்க வேண்டியவை பல.

யாங்கோனில் சுவேடகோன் தூபிக்கு அருகே ‘டகோன் சிட்டி’ என்னும் பெயரில் இவ்வகைத் திட்டங்கள் முன்மொழியப்பட்டு, மியான்மர் முதலீட்டு ஆணையத்தின் அனுமதியும் பெற்றன. ஆழமாகத் தோண்டினால் குன்றின் மண்ணும் நிலத்தடி நீரும் பாதிக்கப்பட்டுத் தூபிக்கு ஊறு நேரும் என்று துறவியரும் பொதுமக்களும் அஞ்சினர். தூபியின் காட்சி மறைந்துவிடும் என்னும் கவலையும் எழுந்தது. 2015 தொடக்கத்தில் பணிகள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் அரசு அத்திட்டங்களை இரத்துச் செய்தது.

இந்நிகழ்வு உணர்த்துவது ஒன்றே: ஐயங்களை அனுமதிக்கு முன்பே எழுப்புதல் வேண்டும். தோண்டிய பின் நிறுத்தினால் அனைவர்க்கும் இழப்பே.

முன்கூட்டியே கேட்க வேண்டியவை:

1. அடித்தளத்தின் ஆழம் எவ்வளவு? குழியிலிருந்து நீரை இறைக்கும்போது சுற்றுநிலம் தாழ்ந்து, பழைய வீடுகளின் சுவர்கள் விரிசல் காணக்கூடும்.
2. மழைக்காலத்தில் வடிநீரும், நாள்தோறும் கழிவுநீரும் எங்கே செல்லும்?
3. வாகனங்கள் நிற்க வளாகத்திற்குள்ளேயே இடம் உண்டா?
4. உயரம் அப்பகுதிக்குரிய வரம்பிற்குள் அடங்குகிறதா?

வீடு வாங்க விரும்புவோர், அனுமதி ஆவணங்களை நேரில் பார்த்த பின்னரே முன்பணம் செலுத்துதல் நன்று.