கல்யாணம் தீர்க்காத தனிமை

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புனேயில் வேலை, விடுதி, அறையில் உன்னோடு இன்னும் இரண்டு பெண்கள், இரவானால் வீட்டிலிருந்து தவறாமல் போன். இத்தனைக்கும் நடுவில், "யாருமே இல்லாத மாதிரி இருக்கு ஐயா, எனக்குள்ள ஏதாவது கோளாறா?" என்று கேட்டிருந்தாய். அதற்கு நிதானமாகப் பதில் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த வரியிலேயே உன் அத்தை சொன்னதையும் எழுதிவிட்டாயே! "காலாகாலத்தில் ஒரு கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்." இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வீட்டில் கேட்டுவிட்டேன்!

கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பண்ணிக்கொள், முதல் பந்தியில் வந்து உட்காருகிறேன். அதை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ராபர்ட் வைஸ் என்று ஓர் அமெரிக்கச் சமூகவியலாளர். தனிமை பற்றி 1973-இல் அவர் கொண்டுவந்த நூலைத் தொடாமல் இன்றும் இந்தத் துறையில் யாரும் எழுதுவதில்லை. பாஸ்டன் பகுதியில் இரண்டு விதமான ஆட்களை அவர் கவனித்தார். துணையைப் பிரிந்தோ இழந்தோ தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் ஒரு சங்கமாகக் கூடுவார்கள். அங்கே நல்ல சிநேகிதம் கிடைத்தது, ஆனால் வீடு திரும்பினால் பழைய வெறுமை அப்படியே காத்திருந்தது. இன்னொரு பக்கம், வெகுதூரத்திலிருந்து அங்கே குடிவந்த தம்பதிகள். கணவன் மனைவிக்குள் குறையொன்றும் இல்லை. அப்படியும் மனைவிமார் தவித்தார்கள். கணவனுக்கு வேலையிடம் இருந்தது, இவர்களுக்குப் பேச்சுத்துணைக்கு அக்கம்பக்கத்தில் ஆளில்லை. தனிமை இரண்டு வகை என்று வைஸ் பிரித்தது இதைக் கொண்டுதான். மனதுக்கு மிக நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை ஒன்று. ஒரு கூட்டத்தில் நமக்கென்று இடம் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றுக்கு உரியதைக் கொண்டுவந்து மற்றதில் கொட்டினால் நிரம்பாது.

உன் அத்தைக்குப் புரியவைக்க பாஸ்டன் வரை போகவும் வேண்டாம். நம் பக்கத்தில் வாக்கப்பட்டுப் போன பெண்களைப் பார். மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று வீடு நிறைய ஆள். புருஷனும் தங்கமானவன். ஆனால் "ஏட்டி" என்று கூப்பிட ஒருத்தி கிடையாது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண், பையை நடையில் போட்ட கையோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுச் சிநேகிதியைத் தேடிப் போவாள். "முதல்ல ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போயேன்" என்று அம்மா பின்னாலேயே கத்துவாள். எங்கள் தெருவில் நான் எத்தனையோ முறை பார்த்த காட்சி.

இனி என் சொந்தச் சரக்கு. வகுப்பில் சங்கப் பாட்டை ஆரம்பித்தாலே கடைசி பெஞ்சில் சிரிப்பீர்கள், எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தைய காதலான களவில் தோழி எதற்கென்று சொல்லத் தேவையில்லை. குறியிடத்துக்குக் கூட்டிப்போக, தலைவனை விரட்ட, கடைசியில் காதலை வீட்டாருக்குச் சொல்லி அறத்தொடு நிற்க அவள் வேண்டும். கல்யாணம் முடிந்ததும் அவள் வேலை தீர்ந்துவிட வேண்டியதுதானே? கதைக்கட்டை மட்டும் பார்த்தால் மேடையிலிருந்து இறக்கிவிடலாம். தொல்காப்பியர் இறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிந்தைய வாழ்வைச் சொல்லும் கற்பியலிலும் அவள் பேசுகிற இடங்களைத் தனியாக எடுத்துச் சொல்கிறார். பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனை வாசலில் நிறுத்தி வாயில் மறுப்பவளும் அவள்தான். வெறும் நாடக வசதி என்பார் என் நண்பர் ஒருவர். நான் ஒப்பமாட்டேன். புருஷன் வந்த பிறகும் பெண்ணுக்குத் தோழி வேண்டும் என்று அந்தப் புலவர்கள் அறிந்திருந்தார்கள். தோழி மட்டும் இருந்தால் போதும் என்றும் அவர்கள் ஏமாறவில்லை. பொருள் தேடப் போனவனை நினைத்துத் தலைவி வாடும்போது தோழி பக்கத்திலேயே இருக்கிறாள், தேற்றுகிறாள், தேற்றம் ஏறவில்லை. குறுந்தொகையை எடுத்து, பாட்டை விட்டுவிட்டுத் துறைக்குறிப்புகளை மட்டும் படித்துப் பார். தோழி ஆற்ற, தலைவி ஆறாமல் பதில் சொல்லும் இடங்கள் கை சலிக்கும் அளவுக்கு வரும்.

உடனே 'எல்லாம் சங்க காலத்திலேயே இருந்தது' என்று மார்தட்டும் கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிடாதே. வைஸ் ஆட்களிடம் கேட்டு, ஒப்பிட்டுக் கண்டவர். புலவர்கள் செய்தது வேறு வேலை.

இதே தனிமையைப் பார்க்கப் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையை மறுபடி படி. பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. நோயாளி மனைவிக்கு அவரே சமைத்துப் போட்டு, பணிவிடையும் செய்கிறார். அப்படி ஒரு கணவன் வாய்த்தும், நினைவு தடுமாறும் நேரத்தில் அவள் தேடுவது அம்மாவையும் ஊரையும். வறுமைக் கதை என்று இதைப் பாடம் நடத்தி முடித்துவிடுகிறார்கள், எனக்கு எரிச்சலாக வரும். அக்கம்பக்கம் இல்லாமல் போன இரண்டு பேருடைய கதை அது.

சரி, உன் கோளாறு. கோளாறு ஒன்றும் இல்லை. பசி, தாகம் போலத் தனிமையும் உடம்பு தரும் அறிவிப்பு என்றார் சிகாகோவில் இருந்த உளவியலாளர் ஜான் கசியோப்போ. அவர் 2018-இல் காலமானார். அவர் சொன்ன இன்னொன்றுதான் உனக்கு முக்கியம். தனிமை நீடித்தால் மனம் காவலுக்கு உட்கார்ந்துவிடும். யார் முகம் சுளித்தார்கள், யார் பதில் போடவில்லை என்று கணக்கெடுக்கும். சும்மா இருக்கிற முகமும் கடுகடுப்பாகத் தெரியும். நாமே ஒதுங்குவோம், ஒதுங்க ஒதுங்கத் தனிமை கூடும். தனிமையைப் போக்க முயன்று பார்த்த வழிகளைத் திரட்டி அவரும் சகாக்களும் 2011-இல் ஒப்பிட்டார்கள். ஆட்களைச் சந்திக்க வாய்ப்பைக் கூட்டுவதைவிட, இந்தத் தப்புக் கணக்கைத் திருத்துகிற முறைகளே கூடுதல் பலன் தந்தன. 'வெளியே போ, நாலு பேரோடு பழகு' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

சாட்சி உன் கடிதத்திலேயே இருக்கிறது. பக்கத்துக் கட்டில் பெண் 'சாப்பிட்டாயா' என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை என்கிறாய். நீ கேட்டாயா? அவளுக்கு எந்த ஊர், என்ன வேலை, இரவில் அவளுக்கும் வீட்டிலிருந்து போன் வருகிறதா? ஒன்றும் எழுதவில்லை. இவ்வளவு நீளமான கடிதத்தில் அவள் பெயர்கூட இல்லை! கோபித்துக்கொள்ளாதே, வாத்தியார் புத்தி.

வீட்டோடு உனக்கு ஒட்டு இருக்கிறது. உன்னுடையது வைஸ் சொன்ன இரண்டாவது வகைத் தனிமை. ஆகவே அம்மாவிடம் இன்னும் ஒரு மணி நேரம் பேசினாலும் இது தீராது. ஒருநாள் சுற்றுலா, பெரிய கொண்டாட்டம் எதுவும் உதவாது. வாராவாரம் அதே இடம், அதே முகங்கள், அதுதான் வேண்டும். பாட்டு வகுப்போ, பூப்பந்தாட்டமோ, எதுவானாலும் சரி. என்னைக் கேட்டால் மராத்தி கற்றுக்கொள் என்பேன். தப்புத் தப்பாகத் தங்கள் பாஷை பேசுகிறவளிடம் மனிதர்கள் சீக்கிரம் இளகிவிடுவார்கள்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போனாலோ, எதிலும் பிடிப்பே இல்லாமல் போனாலோ, வாத்தியார் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மருத்துவரைப் பார். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அத்தையோடு வாதாடப் போகாதே. கல்யாணமாகிப் போன புதிதில், அந்த ஊரில் யாரோடு மனசுவிட்டுப் பேசினார்கள் என்று மட்டும் கேள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. குரல் பதிவெல்லாம் அனுப்பாதே, எனக்குக் காது மந்தம்.

அன்புடன்,
உன் தமிழாசிரியர்