முத்திரை சொல்வதும் சொல்லாததும்

அன்புள்ள யாழினி,

ஒரகடம் கிடங்கில் தரப் பரிசோதனை வேலையில் சேர்ந்துவிட்டாய் என்று படித்ததில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் உன் கடிதத்தில் ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. “ஹெச்.டி. முத்திரை இருந்தால் பேலட்டை நேரே ரேக்கில் ஏற்றிவிடலாம் என்கிறார்கள், சரிதானா சார்?” என்று கேட்டிருக்கிறாய். சரியில்லை அம்மா. இந்த எண்ணம் பல கிடங்குகளில் வேரூன்றிக் கிடப்பதால்தான் உனக்கு நீளமாக எழுதுகிறேன்.

அந்த முத்திரை எதற்கு வந்தது என்று முதலில் பார். ஆசிய நீள்கொம்பு வண்டு 1996இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. சீனாவிலிருந்து சரக்கோடு வந்த மரப் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் ஒளிந்து வந்த பூச்சி அது. தெருவோர மேப்பிள் மரங்களை உள்ளிருந்து துளைத்தது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான் 2002இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற உலக விதி வந்தது. அதில் ஹெச்.டி. என்பது சூடேற்றும் முறை: மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, 30 நிமிடம் இடைவிடாமல் நிற்க வேண்டும். முத்திரை சொல்வது இவ்வளவுதான்: இந்த மரத்துக்குள் இருந்த பூச்சி செத்துவிட்டது. ஆணி பிடிக்கிறதா, சட்டம் விரிந்திருக்கிறதா, பலகை பாரம் தாங்குமா என்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. முத்திரையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு அதைப் பரிசோதனை என்று சொல்கிறார்களே, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம்.

சூடேற்றிய மரம் உலர்ந்த மரம் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. பூச்சியைக் கொல்ல அரை மணி நேரம் போதும். கட்டையின் உள்ளே இருக்கும் நீரை வெளியேற்ற அது போதாது. ஹெச்.டி. முடிந்த கட்டை ஈரத்தோடேயே சூளையை விட்டு வரலாம். நன்றாக உலர்ந்து வந்த கட்டைகூட நம் ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த வெளியில் அடுக்கிக் கிடந்தால் மறுபடி நனைந்துவிடும். தார்ப்பாயால் இறுக்கி மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். பேலட்டின் நோய்களில் பாதிக்கு மேல் ஈரத்தில்தான் தொடங்குகின்றன என்பது என் நெடுநாள் கட்சி. வகுப்பில் இதைச் சொல்லி உங்களைச் சலிக்க வைத்திருப்பேன். இன்னொரு முறை கேள்.

புரூஸ் ஹோட்லி 1980இல் எழுதிய ‘அண்டர்ஸ்டாண்டிங் வுட்’ என்ற நூல் எப்போதும் என் மேசையில் இருக்கும். மரம் நீரை வாங்கும்போது உப்புகிறது, விடும்போது சுருங்குகிறது என்ற உண்மையை அதைப் படித்த பிறகு எந்தப் பலகையைப் பார்த்தாலும் மறக்க முடியாது. ஈர மரத்தில் அடித்த ஆணி, மரம் உலர உலரப் பிடியை இழக்கிறது. பலகையின் கனம் குறைவதால் ஆணித்தலை மேலே துருத்தி நிற்கிறது. நீ பார்க்கும் கிழிந்த அட்டைப்பெட்டிகளில் பலவற்றைக் கிழித்தது அந்தத் தலைதான். ஆணியைச் சுற்றிக் கருநீல வளையம் இருக்கிறதா என்று குனிந்து பார். கருவேலம் போன்ற துவர்ப்புள்ள நாட்டு மரத்தில் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் அந்தக் கறை வரும். பைனில் துருப்பழுப்பாகத் தெரியும். கறை இருந்தால் அந்த இடம் நனைந்திருக்கிறது என்று பொருள். அங்கேயே ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்திப் பார். மெத்தென்று இறங்கினால் மரம் உளுத்துவிட்டது.

ஈரமானியை மேற்பலகையில் மட்டும் குத்திவிட்டு நகராதே. பலகை சீக்கிரம் காய்ந்துவிடும். கீழே உள்ள கனத்த கட்டையில்தான் நீர் தங்கும். அங்கே 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வாசல் திறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்.

பூஞ்சையைத் துடைத்துவிட்டால் போயிற்று என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது டைலினால் என்ற வலி மாத்திரையின் கதை. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் மெக்நீல் நிறுவனம் 2009 கடைசியிலும் 2010 தொடக்கத்திலும் அந்த மாத்திரைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. காரணம், புட்டியைத் திறந்தவர்களுக்குப் பூசண நாற்றம் அடித்தது. சிலருக்கு வயிற்றுக் கோளாறும் வந்தது. தேடிப் போனபோது குற்றவாளி மரப் பேலட்டிலிருந்து வந்த டிரைபுரோமோஅனிசோல் என்ற பொருள் என்று தெரிந்தது. மரத்தைக் காக்கப் பூசும் டிரைபுரோமோஃபீனாலைப் பூஞ்சை மாற்றும்போது உண்டாவது அது; மிகச் சிறிய அளவிலேயே மூக்கில் ஏறும். நன்றாகக் கவனி: அந்த நிறுவனம் சொன்னபடி, அந்தப் பேலட்டுகள் சுமந்தது மாத்திரையை அல்ல, அதை அடைக்கும் பொருட்களை. நாற்றம் அங்கிருந்து புட்டிக்குத் தாவியது. ஆகவே மருந்து, உணவு, துணி எது வந்தாலும் லாரிக் கதவு திறந்தவுடன் முதலில் மோந்து பார். பழகிய மூக்கைவிட மலிவான கருவி உனக்குக் கிடைக்காது.

இனி ரேக் விஷயம். தரையில் கிடக்கும் பேலட்டுக்கு அடியெல்லாம் தாங்கல். ரேக்கிலோ இரண்டு பீம்கள் மட்டுமே தாங்கும். நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும். தரையில் மாதக்கணக்கில் பாரம் சுமந்த விரிசல் சட்டம் மேலே ஏறியதும் முறிவது இதனால்தான். ஃபோர்க்லிஃப்ட் முள் முதலில் இடிப்பது ஓரப் பலகையை. அதைக் கையால் அசைத்துப் பார்க்காமல் எந்தப் பேலட்டையும் மேலே அனுப்பாதே.

பழுது பார்த்த பேலட் வந்தால் ஒன்றைக் கேள். மாற்றிய பாகங்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பழைய முத்திரைகளை அழித்து, மறுபடி சூடேற்றி, புது முத்திரை குத்த வேண்டும் என்பது விதி. பழைய முத்திரையோடு அந்த அளவுக்கு மேல் புதுப் பலகை தெரிந்தால் ஏற்றுமதிக்கு விடாதே.

உங்கள் சரிபார்ப்புத் தாளில் முத்திரை முதல் வரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். மோந்து பார்ப்பது, ஆணி, கட்டையின் ஈரம், ஓரப் பலகை இந்த நான்கும் அதற்கு முன்னால் வரட்டும் என்று மேலாளரிடம் கேள். சந்தேகம் வந்த பேலட்டில் சிவப்புச் சாக்பீஸால் குறியிட்டுத் தனியே ஒதுக்கு. லாரி காத்திருக்கிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் கையெழுத்துப் போடாதே. அந்த ரேக்கின் கீழே ஆட்கள் நடமாடுகிறார்கள்.

அன்புடன்,
உன் ஆசிரியர்