நாயும் நாகரிகமும்



கோல சிலாங்கூர் வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்திவரும் அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் இரண்டு வினாக்களைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் படிக்கும் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், அந்நாட்டு விமான நிலையத்தின் ஓய்வுக்கூடத்தில் அவர் அமர்ந்திருந்தாராம். கண்பார்வையற்ற மூதாட்டி ஒருவர், தோள்வார் பூட்டிய நாய் ஒன்று வழிகாட்ட உள்ளே வந்து, எதிர் நாற்காலியில் அமர்ந்தார். நாய் அவர் காலடியில் படுத்துக்கொண்டது. நம் அன்பரோ துள்ளியெழுந்து, "சீ!" என்று வாய்விட்டுச் சொல்லிப் பெட்டியை இழுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போய்விட்டார். ஓசை கேட்ட மூதாட்டி, "என் நாய் தங்களுக்கு இடைஞ்சலா? நாங்கள் வேறிடம் போகிறோம்" என்று சொல்லித் தட்டுத்தடுமாறி எழுந்தாராம்.

"அதே உடுப்போடு அங்கேயே அஸர் தொழுதேன். என் தொழுகை கூடிற்றா? நான் நடந்துகொண்டது முறைதானா?" இவையே அன்பரின் வினாக்கள். அவரை உறங்கவிடாமல் வைத்திருந்தது இரண்டாவது வினா என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நம்மில் பலரும் இன்று வணிகத்தின் பொருட்டும் உறவின் பொருட்டும் விமானம் ஏறுகிறோம். ஆதலால் இதனைப் பொதுப் பாடமாகவே ஈண்டு எழுதுகிறோம்.

மார்க்கச் சட்டம் யாது?

நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழுமுறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒருமுறை மண் கலந்து கழுவ வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த சட்டம். ஷாபிஈ மத்ஹபில் இச்சட்டம் நாயின் உடல் முழுமைக்கும் உரியது. ஹனபி மத்ஹபிலோ நாயின் உமிழ்நீர் நஜீஸ். உலர்ந்த மயிர் நஜீஸ் அன்று. பாத்திரத்தை மூன்றுமுறை கழுவினாலே போதும் என்பர். மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் தூய்மையானதாகவே கருதப்படுகிறது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வந்த நம்மவர் பெரும்பாலும் ஷாபிஈக்கள். இராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனபிகள். நம்மைச் சூழ வாழும் மலாய் மக்கள் ஷாபிஈக்கள். ஆகவே ஒரே கடையில் தோளோடு தோள் நின்று வேலை செய்யும் இருவருக்கிடையே இதில் வேறுபாடு இருக்கக்கூடும். ஒருவர் மற்றவரைப் பழிப்பதற்கு இதில் இடமில்லை.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். கடுமையான ஷாபிஈ சட்டத்திலும், உலர்ந்த நாய் உலர்ந்த உடையில் உரசினால் நஜீஸ் ஒட்டுவதில்லை. நாயிடமோ நம்மிடமோ ஈரம் இருந்தால்தான் ஒட்டும். ஈர நாய் பட்டுவிட்டாலும் உளு முறிவதில்லை. பட்ட இடத்தை முறைப்படி கழுவினால் தீர்ந்தது. எதிரில் நாய் படுத்திருப்பதனால் நமக்கு எவ்விதக் கேடும் இல்லை. கூடத்துக் கம்பளத்தில் முன்பு நாய் படுத்திருக்குமோ என்னும் வெறும் ஐயத்தினாலும் இடம் அசுத்தமாகிவிடாது. மனம் அமைதியுறாவிட்டால் முஸல்லாவை விரித்துத் தொழலாம். நம் சிப்பாங் விமான நிலையத்தில் தொழுகைக்கென்றே சூராவ் இருக்கிறது.

ஆகவே அன்பரின் தொழுகை கூடும். முதல் வினா முடிந்தது.

ஓய்வுக்கூடத்தின் விதி யாது?

விமானப் பயணத்தில் நாய்கள் இரு வகை. வளர்ப்பு நாய் ஒரு வகை. அது பெரும்பாலும் கூண்டில் அடைக்கப்பட்டுச் சரக்கறையில் போகும். சில நிறுவனங்கள் சிறு நாயைப் பையிலிட்டு உடன் கொண்டுபோக இசைவு தருவதுண்டு. ஓய்வுக்கூடங்கள் பலவற்றில் இவ்வகை நாய்க்கு அனுமதி இல்லை. இருந்தாலும் பையைவிட்டு வெளியே விடலாகாது.

மற்றொரு வகை, பயிற்சி பெற்ற துணை நாய். முதல் உலகப் போரில் கண்ணிழந்த போர்வீரர்களுக்காக 1916ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்களுக்கான பள்ளி தொடங்கப்பட்டது. 1929இல் அமெரிக்காவிலும் அத்தகைய பள்ளி ஏற்பட்டது. இன்று மேல்நாடுகளில் இந்நாய், தன் தலைவர் செல்லும் கூடங்களுக்குள் எல்லாம் செல்ல உரிமை பெற்றது. அந்த மூதாட்டிக்கு அது கண். விளையாட்டுப் பொருள் அன்று.

இவ்வுரிமையை அளவுமீறிப் பயன்படுத்தியவர்களும் உண்டு. மனத்துக்கு ஆறுதல் என்று சொல்லிப் பலவகைப் பிராணிகளையும் விமானத்தில் ஏற்றத் தலைப்பட்டதனால், பயிற்சி பெற்ற நாயை மட்டும் துணைப் பிராணியாக ஏற்றால் போதும் என்று அமெரிக்க அரசு 2021 ஜனவரியில் விதியை இறுக்கியது. நாய் வாரில் கட்டப்பட்டிருக்க வேண்டும், தலைவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பவையும் விதிகளே. ஆகவே ஒழுங்கு நாயுடையோருக்கும் உண்டு.

முஸ்லிம்கள் இதனை எதிர்கொண்ட ஒரு நிகழ்ச்சியையும் சொல்வோம். 2008ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பார்வையற்ற முஸ்லிம் இளைஞர் ஒருவர் வழிகாட்டி நாயுடன் பள்ளிவாசலுக்கு வர இசைவு கிடைத்தது. தொழும் இடத்துக்குள் நாய் நுழையவில்லை. அது படுத்திருக்கப் பள்ளியில் தனி இடம் ஒதுக்கினார்கள். அவர் உள்ளே சென்று தொழுதார். பள்ளியின் தூய்மையும் கெடவில்லை, இளைஞரின் தொழுகையும் தடைபடவில்லை.

தோட்டத்தில் நாம் கற்றது

இந்த நாகரிகம் நமக்குப் புதிதன்று. இஜோக், புக்கிட் ரோத்தான், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு, மிதிவண்டியில் துணிமூட்டை கட்டிக்கொண்டு போன நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். லயத்துக்குள் வண்டி நுழைந்ததும் முதலில் வரவேற்பது நாயின் குரைப்புத்தான். உடனே ஒரு வீட்டிலிருந்து, "பாய் வர்றாரு, நாயைப் புடிச்சுக் கட்டு!" என்று குரல் வரும். நாயைக் கட்டி, திண்ணையைத் துடைத்து, பிறகுதான் துணியைப் பிரிக்கச் சொல்வார்கள்.

அத்தாய்மார்கள் ஷாபிஈ சட்டம் படித்தவர்கள் அல்லர். நாய் பட்டால் பாய்க்குச் சங்கடம் என்று மட்டும் தெரியும். அது போதுமானதாக இருந்தது. நாய் அவர்களுக்குக் காவல், பிள்ளைகளுக்குத் தோழன். ஆயினும் நம் பொருட்டு அதைக் கட்டினார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களும் பல மறைந்தன. அந்த மரியாதைக்கு நாம் பட்ட கடன் மட்டும் அப்படியே இருக்கிறது.

2014 அக்டோபரில் நம் சிலாங்கூர் மாநிலத்துப் பண்டார் உத்தாமாவில், முஸ்லிம்கள் நாயைத் தொட்டுப் பார்ப்பதற்கென ஒரு கூட்டம் நடந்து பெருஞ்சர்ச்சை மூண்டதை அறிவீர்கள். தேவையின்றித் தொடுவதும் வேண்டாம். கண்டதும் கல்லெடுப்பதும் வேண்டாம். தாகித்த நாய்க்குக் காலுறையில் நீர் மொண்டு ஊட்டியவருடைய பாவத்தை இறைவன் மன்னித்ததாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் சிறுவயது முதலே கேட்டு வருகிறோம்.

கைக்கொள்ள வேண்டியவை

1. ஓய்வுக்கூடத்தில் துணை நாயைக் கண்டால் இயல்பாக இருங்கள். விலகி அமர விரும்பினால், சிறிது பொறுத்து ஓசையின்றி எழுந்து செல்லுங்கள்.

2. நாயை அழைக்காதீர்கள், உணவு போடாதீர்கள், விரட்டாதீர்கள். அது வேலையில் இருக்கிறது. பேச வேண்டுமானால் மனிதரிடம் பேசுங்கள்.

3. நாய் நெருங்கி வந்தால், "ஐயா, நான் முஸ்லிம்; நாயின் ஈரம் பட்டால் தொழுகைக்குமுன் கழுவ வேண்டும்; சற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பணிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலோர் உடனே பிடித்துக்கொள்வர்.

4. நம் கடைக்குப் பார்வையற்றவர் நாயுடன் வந்தால் வாயிலிலேயே வரவேற்றுச் சாமான்களை எடுத்துக் கொடுங்கள். வாடிக்கையாளரின் நாய் படியில் படுத்திருந்தால் வெந்நீர் ஊற்றவோ கல்லெறியவோ பையன்களை விடாதீர்கள்.

இனி அன்பரின் இரண்டாவது வினா. விலகி அமர்ந்தது அவர் உரிமை. ஆனால் "சீ" என்ற சொல் நாயின்மேல் படவில்லை. பார்வையற்ற ஒரு மூதாட்டியின்மேல் பட்டது. நாயின் ஈரம் ஏழு நீரில் போய்விடும். மனித உள்ளத்தில் பட்ட புண், அவரே மன்னித்தாலன்றிப் போகாது. அம்மூதாட்டியை அன்பர் இனிக் காண்பது அரிது. ஆயினும் அவர் கடைவாசலுக்கு இன்னொரு பார்வையற்றவர் வருவார். அன்று அவர் நாற்காலி எடுத்துப் போடட்டும்.