கார் ஏன் கொதிக்கிறது?

கோடை விடுமுறையில் கொடைக்கானல் மலைப்பாதையில் செல்வோர் காணும் காட்சி ஒன்று உண்டு. வளைவோரத்தில் ஒரு கார் நிற்கும், பானெட் திறந்திருக்கும், உள்ளிருந்து ஆவி பறக்கும். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றியதும் தொல்லை தீர்ந்தது என்று அனைவரும் ஏறிக்கொள்வர். ஆனால் தண்ணீர் குறைந்தது நோயன்று, நோயின் அறிகுறி.

இஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸையும் தாண்டுகிறது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். எனவே எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர் சுமந்து சென்று வெளியே விடுகிறது. நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் மிக அதிகம் என்று படித்தோமல்லவா, அதன் பயன் இதுதான்.

கார்ல் பென்ஸின் தொடக்ககால வண்டியில் நீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே, தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியில் சென்றார். சுமார் 100 கிலோமீட்டர். வழிநெடுக நீர் நிரப்ப வேண்டியிருந்தது. அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தம் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தவரும் அவரே. கார் ஆண்களின் சமாசாரம் என்போர் இதனை அறிவார்களாக!

இன்றைய காரில் நீர் மூடிய வழியில் சுற்றி வருகிறது. பம்பு அதனை இஞ்சினுக்குள் தள்ளுகிறது. மேல் குழாய் வழியே ரேடியேட்டருக்கு வந்து, காற்றில் ஆறி, கீழ்க் குழாய் வழியே திரும்புகிறது. ஆகவே அது அடிக்கடி குறையக் கூடாது. குறைந்தால் குழாயிலோ பம்பிலோ ரேடியேட்டரிலோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

வெப்பமானியின் முள் எப்போது ஏறுகிறது என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் விசிறியைப் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும்போதும் ஏற்றத்திலும் ஏறினால், பெரும்பாலும் ரேடியேட்டர் அடைத்திருக்கும். உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்தால் குடத்தினுள் படிவதுபோல் அதன் குழல்களிலும் படிவு கட்டிவிடும். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் ஏறி, மேல் குழாய் கொதிக்க, கீழ்க் குழாய் குளிர்ந்திருந்தால், தெர்மோஸ்டாட் வால்வு திறக்கவில்லை என்று ஐயுறலாம். அதிலுள்ள மெழுகு ஏறத்தாழ 85 டிகிரியில் உருகி விரிந்து வழிவிட வேண்டும். இவ்வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனிமேல் சூடே ஆகாது" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. அது வைத்தியம் ஆகாது. இஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலை வீணாகக் குடிக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ரேடியேட்டர் மூடி. அது நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூடியைப் போன்றது. உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் 110 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று நீங்கி, நீர் முழுவதும் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். கண்ணே போய்விடலாம். ஆவி அடங்காத குக்கரை நம் அம்மா திறப்பார்களா? காரை நிழலில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, குறைந்தது அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். சூடான இஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கவும் கூடும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தாலும் கார் கொதிக்கும். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சமவெளியில் தெரியாத மூடியின் பழுது மலையில் தெரிவது இதனால்தான்.

முள்ளையும் முற்றிலும் நம்பக் கூடாது. நீர் அறவே வற்றிவிட்டால் அளக்கும் கருவி நீரில் நனையாமல் நிற்கும். அப்போது முள் இறங்கியும் காட்டலாம். ஆவி வருகிறது, முள் மட்டும் கீழே இருக்கிறது என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

ஆறிய பின் மூடியைத் திறந்து, இஞ்சினை ஓட்டிப் பார்க்கையில் நீரில் குமிழிகள் இடைவிடாது வந்தாலோ, எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் நிறம் மாறியிருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று கொள்ளலாம். அந்தக் காரை ஓட்டிச் செல்லாமல், வேறு வண்டியில் கட்டி இழுத்துச் செல்வதே செலவைக் குறைக்கும்.